ஸ்டேஷனுக்குக் கொடுத்த பெயர்

என் மேல் எந்த வழக்கும் இல்லை என்று சொல்கிற ஒரு காகிதம் என்னிடம் இருக்கிறது. மேசை இழுப்பறையில் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன். அதில் பொய் ஒன்றும் கிடையாது. நிஜமாகவே என் மேல் வழக்கு இல்லை. இல்லாமல் போனது எப்படி என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்தால் மனசு லேசாகிவிடும் என்று நம்புகிற ஆள் இல்லை நான். ஆனால் யாரிடமாவது சொல்லியாக வேண்டும், சொல்ல வேண்டியவனிடம் சொல்ல வாய் வரவில்லை.

மெல்போர்னுக்கு வந்து பல வருடம் ஆகியும் நிரந்தரக் குடியுரிமைக்கு இப்போதுதான் விண்ணப்பித்தேன். கம்பெனி மாறி, விசா மாறி, ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் எல்லாம் கூடி வந்த நேரத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. சொந்த நாட்டில் என் மேல் குற்ற வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் சான்றிதழ் வேண்டும், இருபத்தெட்டு நாளுக்குள் வேண்டும், வராவிட்டால் விண்ணப்பம் இருக்கிற நிலையிலேயே முடிவு செய்யப்படும். இருக்கிற நிலையில் என்றால் நிராகரிப்புதான். விசாவிலும் அதிக நாள் பாக்கி இல்லை. மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

நான் கவலைப்படவில்லை. கவலைப்படவில்லை என்பதை இப்போது நினைத்தால் எனக்கே என் கன்னத்தில் அறைய வேண்டும் போலிருக்கிறது. 'என் மேல என்ன கேஸ் இருக்கப் போவுது, பஸ்ஸுல டிக்கெட் எடுக்காம போனதுகூடக் கிடையாது' என்று மனைவியிடம் ஜம்பமாகச் சொன்னேன். இந்தியத் தூதரக அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தேன். பாஸ்போர்ட்டில் இருப்பது ஊர் முகவரி. அதனால் காகிதம் தஞ்சாவூருக்குப் போய், அங்கிருந்து எங்கள் ஊர் ஸ்டேஷனுக்கு வரும், அவர்கள் வீட்டில் விசாரித்து எழுதி அனுப்புவார்கள் என்றார்கள்.

வீட்டில் இருப்பது என் தம்பி. எனக்கு மூன்று வயது இளையவன். கும்பகோணம் போகிற சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே எங்கள் ஊர். அங்கே இருக்கிற மூன்று ஏக்கரையும், குத்தகைக்கு எடுத்த இரண்டு ஏக்கரையும் அவன்தான் பார்க்கிறான். போன் செய்து, ரேஷன் கார்டு நகல், என் பள்ளிச் சான்றிதழ் நகல், வீட்டு வரி ரசீது எல்லாம் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனில் கொடுக்கச் சொன்னேன். நடவு நேரம். ஆள் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தான். இருந்தாலும் 'சரிண்ணே, நாளைக்குப் போறேன்' என்றான்.

அவன் ஸ்டேஷன் வாசல் பக்கம் போகவே மாட்டான் என்பது எனக்குத் தெரியும். கும்பகோணம் போவதென்றால் மெயின் ரோட்டை விட்டுவிட்டு, வாய்க்கால் கரையோடு பைக்கை ஓட்டிப் பாலத்தைத் தாண்டித்தான் ஏறுவான். லீவில் வரும்போது நான் கிண்டல் செய்திருக்கிறேன். 'ஏன்டா, அந்தப் பக்கம் போனா புடிச்சு உள்ள வச்சுடுவாங்களா?' சிரித்துக்கொள்வான். அவனைத்தான் அந்த ஸ்டேஷனுக்கே அனுப்பினேன். அனுப்பும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை என்று எழுதினால் நம்புவீர்கள். ஆனால் ஞாபகம் வந்தது. வந்ததைத் தள்ளி வைத்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் அலுவலகத்தில் இருக்கும்போது கூப்பிட்டான். ஊரில் அப்போது காலை பதினொன்று இருக்கும். ஸ்டேஷன் ரைட்டர் நகலையெல்லாம் வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டரில் பார்த்திருக்கிறார். எங்கள் அப்பா பெயரும் எங்கள் தெரு முகவரியும் வருகிற பழைய சாலை மறியல் வழக்கு ஒன்று இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்ட ஐந்து பேரில் ஐந்தாவது ஆள் அப்பாவின் மகன் என்று இருக்கிறது. ஆனால் எழுதியிருக்கிற பெயர் வீட்டில் கூப்பிடுகிற பெயர். அப்படி ஒரு பெயர் எந்தச் சான்றிதழிலும் இல்லை. இரண்டு மகன்களில் அது யார் என்று தெரியாமல் என் காகிதத்தை மேலே அனுப்ப முடியாது என்று ரைட்டர் சொல்லிவிட்டார்.

"நான்தான் அதுன்னு சொன்னேண்ணே. வாயால சொன்னா போதாதாம். பழைய கேஸ் கட்ட எடுத்துப் பாத்துட்டு, அதுக்கு நேரா நான் எழுதிக் கையெழுத்துப் போடணுமாம். திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க."

யூரியா கடையில் இருப்பு இல்லை, திங்கட்கிழமை லோடு வருகிறது என்கிற மாதிரி சொன்னான். உனக்குச் சிரமம் என்று ஏதோ உளறினேன். சிரமம் என்ன, ரெண்டு எட்டு நடக்கணும் அவ்வளவுதானே என்று வைத்துவிட்டான். அன்றைக்கு நான் வேலை எதுவும் பார்க்கவில்லை.

அந்த மறியல் நடந்த வருடம் நான் என்ஜினீயரிங் முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டு ஊரில் இருந்தேன். அம்மா நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே இறந்துவிட்டார். வீட்டில் அப்பா, நான், தம்பி, மூன்று ஆண்கள். அப்பாதான் சமைப்பார். தம்பி பத்தாவதில் இரண்டு பாடம் போய், திரும்ப எழுதாமல் அப்பாவோடு வயலில் இறங்கிவிட்டான். நான் படித்தவன் என்பதால் வயலில் இறங்கச் சொல்ல யாருக்கும் வாய் வராது. நானாகவும் இறங்க மாட்டேன்.

அந்தக் குறுவை நன்றாக விளைந்தது. விளைந்ததுதான் வினை. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக் களத்தில் கொட்டிவிட்டு, இன்றைக்கு எடுப்பார்கள் நாளைக்கு எடுப்பார்கள் என்று ஊரே காவல் கிடந்தது. முதலில் சாக்கு இல்லை என்றார்கள். சாக்கு வந்ததும் ஈரம் அதிகம் என்றார்கள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயைத் தூக்கி நெல்லுக்குள் கையை விட்டால் உள்ளே சுட்டது. நாலைந்து நாளில் முளை விட ஆரம்பித்துவிட்டது. தம்பி களத்தை விட்டு அசையவில்லை. மழை விடுகிற நேரமெல்லாம் பலகையால் நெல்லைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு காலையில் ஊர் திரண்டு மெயின் ரோட்டில் உட்கார்ந்தது. உட்கார வைத்தது நான் என்றே சொல்லலாம். டிராக்டர் டிரெய்லரைக் குறுக்கே இழுத்துப் போட்டவர்களில் நான் ஒருவன். முன்வரிசையில் உட்கார்ந்து கத்தினேன். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து திட்டிய ஆளை, 'நீ நேத்து சாப்பிட்டியே சோறு, அது எங்கேருந்து வந்துச்சு' என்று கேட்டு வாயை அடைத்தேன். படித்த பையன் என்ன போடு போடுகிறான் பார் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்து இன்னும் ஏறிக்கொண்டேன். மூன்று மணி நேரம் கழித்து அதிகாரிகள் வந்து, இருக்கிற நெல்லை அப்படியே எடுத்துக்கொள்கிறோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். எடுக்கவும் செய்தார்கள். அந்த மூன்று மணி நேரமும் தம்பி ரோட்டுப் பக்கமே வரவில்லை. களத்தில் நெல்லைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

பெரிய அதிகாரி ஒருவருடைய வண்டி அந்த மறியலில் மாட்டியிருந்தது. அதனால் சும்மா விட முடியாது, வழக்குப் போட்டே ஆக வேண்டும் என்று சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தார். கைது எல்லாம் கிடையாது, ஐந்து பேர் கொடுங்கள், எழுதிக்கொள்கிறோம் என்றார்.

எங்கள் பக்கத்தில் இது புதிது இல்லை. மறியல் முடிந்தால் ஸ்டேஷனுக்குப் பெயர் கொடுப்பது ஊருடைய வேலை. யார் ரோட்டில் உட்கார்ந்தார்கள் என்று பார்த்துக் கொடுப்பதில்லை. யாருக்கு வழக்கால் நஷ்டம் இல்லை என்று பார்த்துக் கொடுப்பார்கள். சர்க்கார் வேலைக்கு எழுதியிருப்பவன் வேண்டாம், பாஸ்போர்ட் எடுக்கப்போகிறவன் வேண்டாம், பெண் பார்த்துக்கொண்டிருக்கிறவன் வேண்டாம். ஏற்கெனவே ஒரு வழக்கு இருக்கிறவன் இருந்தால் அவன் முதலில். பிறகு வயசானவர்கள். பிறகு ஊரை விட்டு எங்கேயும் போகாதவர்கள். அந்தக் கணக்கில் ஒருவர் மேலும் ஒருவர் கோபப்படுவதில்லை. ஊருக்காக நிற்கிறான் என்று ஒரு மரியாதைகூட உண்டு.

கொள்முதல் நிலையத்து வாசலில் நின்று பேசினார்கள். நாலு பெயர் சட்டென்று முடிவாகிவிட்டது. ஐந்தாவது எங்கள் வீட்டிலிருந்து ஒன்று வர வேண்டும் என்றார்கள். நியாயம்தான், அத்தனை ஆட்டம் போட்டது நான். ஆனால் என்னைக் கொடுப்பதாக யாருக்கும் எண்ணமில்லை. எனக்கு அப்போது பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டு, விசாரணைக்கு ஆள் வரவேண்டிய சமயம். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பட்டியலை எழுதுகிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். மோட்டார் சைக்கிள் டேங்க்கின் மேல் தாளை வைத்து நாலு பெயரை எழுதிவிட்டு நிமிர்ந்தேன். அப்பா குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"எம் பேர எழுது. என்னைய எவன் எங்க கூப்புடப் போறான்."

நான் அப்பாவின் பெயரை எழுதவில்லை. தம்பியின் பெயரை எழுதினேன்.

ஏன் என்று இத்தனை வருடமாக விதவிதமாகப் பதில் வைத்திருந்தேன். அப்பாவுக்குச் சர்க்கரை, வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டில் போய் நிற்க அவர் உடம்பு தாங்காது என்பது ஒரு பதில். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. மிச்ச உண்மை இதுதான்: நாளைக்கு என் பாஸ்போர்ட் விசாரணைக்கு வருகிறவர் முதலில் கேட்பது அப்பா பெயரைத்தான். அந்தப் பெயரே வழக்கில் இருந்தால் எனக்கு இடைஞ்சல் வருமோ என்று பயந்தேன். தம்பி பத்தாவது ஃபெயில். வயலோடு கிடக்கிறவன், அவனுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நான் முடிவு செய்தேன். அதிலும் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். அவன் பள்ளிக்கூடப் பெயரை எழுதாமல் வீட்டில் கூப்பிடுகிற பெயரை எழுதினேன். நாளைக்கே அவனுக்கு ஏதாவது வேண்டியிருந்தாலும் இந்தப் பெயர் ஒட்டாது, இது ஒரு காகிதத்திலும் இல்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அப்பா எழுத்துக்கூட்டிப் படிப்பார். தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அதற்குள் ஸ்டேஷனிலிருந்து வந்தவர் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நடந்து வீட்டுக்கு வந்தோம். வாசலில் கால் கழுவும்போது அப்பா, அவன்கிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ ஒண்ணும் பேசாதே என்றார்.

தம்பி களத்திலிருந்து வந்ததும் சோறு போட்டுக்கொண்டே சொன்னார். ஊரில் கேட்டார்கள், ஒரு பெயர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது, நான்தான் உன் பெயரைக் கொடுத்தேன் என்றார். நான் அடுத்த தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தம்பி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கேஸ் போட்டால் நானும் பெரிய ஆள்தான் என்று சிரித்தான். நானும் சிரித்தேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவினேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இரண்டு நாள் முறைத்திருப்பான், அவ்வளவுதான்.

அடுத்த வருடம் நான் கிளம்பிவிட்டேன். அவன் நாலைந்து தடவை கோர்ட்டுக்குப் போய் வந்தான். பிறகு கூப்பிடுவதை அவர்களே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு அடுத்தடுத்து இரண்டு வருடம் ஆற்றில் தண்ணீர் சரியாக வரவில்லை. ஊரில் பாதிப் பேர் வெளிநாடு போக ஆரம்பித்தார்கள். எங்கள் தெருப் பையன் ஒருவன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தான், தம்பிக்கும் அங்கேயே இடம் சொல்லி வைத்திருந்தான். வெல்டிங் கற்றுக்கொள்ளத் தம்பி ஆறு மாதம் தினமும் தஞ்சாவூருக்குப் பஸ்ஸில் போய் வந்தான். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டான். விசாரணைக்கு வந்தவர் டீக்கடையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார். அந்தக் கூப்பிடுகிற பெயர் யாருடையது என்று டீக்கடையில் தெரியாதா என்ன? மேல் அலுவலகத்துக்கு வழக்கு இருக்கிறது என்று போய்விட்டது. அவன் பாஸ்போர்ட் வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு சிங்கப்பூர்க்காரன் வேறு ஆளை எடுத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து தம்பி அப்பாவோடு பேசுவதை விட்டுவிட்டான். சண்டை போட்டு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒருநாள், பெரியவனுக்கு ஒரு நியாயம் எனக்கு ஒரு நியாயமா என்று மட்டும் கேட்டிருக்கிறான். அப்பா பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவன் கொல்லைப்பக்கம் தனியாக ஒரு ஸ்டவ் வைத்துப் பொங்கிச் சாப்பிட்டான். அப்பாவும் இவனும் ஒரே வயலில் வேலை செய்வார்கள். ஒருவர் இந்த வரப்பு, ஒருவர் அந்த வரப்பு. தண்ணீர் வைத்தாயிற்றா என்று கேட்பதற்குக்கூட ஆள் வழியாகக் கேட்டுக்கொள்வார்கள். என்னோடு மட்டும் தம்பி போனில் மணிக்கணக்கில் பேசுவான். அப்பாவைப் பற்றிக் குறை சொல்வான். நான் 'ம்' கொட்டுவேன். அதை எழுத இப்போது எனக்குக் கூசுகிறது. நான் 'ம்' கொட்டினேன்.

அப்பா இருக்கும்போது கடைசியாக வந்த லீவில், திரும்புகிற அன்று தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்ட் வரை அவர்தான் வழியனுப்ப வந்தார். ரொம்ப இளைத்திருந்தார். அவரே பொங்கி, ஒருவேளை சாப்பிட்டு, மிச்சத்தைத் தண்ணீர் ஊற்றி வைக்கிற ஆளாகிவிட்டார். எனக்குத் தாங்கவில்லை. தம்பியிடம் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். கேட்கும்போதே அவர் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்றுதான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

"என்கிட்ட பேசலன்னா போவுது. நான் இன்னும் எத்தன நாளைக்கு. உன்கிட்டயும் பேசாம போயிட்டான்னா அவனுக்கு அப்பறம் யாரு இருக்கா?"

பஸ் வந்துவிட்டது. நான் ஏறிவிட்டேன். அவர் வாயால் கொடுத்த அனுமதியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தவன் மாதிரி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு போனேன்.

ஒன்றரை வருடத்தில் அப்பா போய்விட்டார். வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தூக்கிக்கொண்டு வந்தது தம்பி. எனக்கு டிக்கெட் கிடைத்து வந்து சேர மூன்று நாள் ஆகும் என்றதும் காத்திருக்க வேண்டாம் என்று நானே சொன்னேன். மூத்தவன் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் அவனே செய்தான். தான் பேசாமலே விட்ட அப்பாவுக்குத் தம்பி கொள்ளி வைத்தான். நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது மொட்டைத் தலையோடு வாசலில் நின்றான். சாகிற அன்று காலையிலாவது ஏதாவது பேசினாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். அப்போதும் நான் சொல்லவில்லை. இனிமேல் சொல்லி யாருக்கு என்ன லாபம் என்று தோன்றியது. அந்தச் சமாதானத்தோடு ஒன்பது வருடம் ஓட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை வந்தது. இருபத்தெட்டு நாளில் பத்தொன்பது போயிருந்தது. அன்றைக்கு அலுவலகத்துக்கு விடுமுறை போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பழைய கட்டு கிடைக்கக் கூடாது, கரையான் அரித்திருக்க வேண்டும் என்று ஒரு மனம் வேண்டியது. கிடைத்தால்தான் சான்றிதழ் என்று இன்னொரு மனம். சாயங்காலம் போன் அடித்தது.

ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து பேசுவதாகச் சொன்னான். கட்டு கிடைத்துவிட்டது. அந்த வழக்கெல்லாம் எப்போதோ கைவிட்டாயிற்று, உங்களுக்குத் தெரியாதா என்று ரைட்டர் கேட்டிருக்கிறார். விவசாயிகள் மேல் இருந்ததையெல்லாம் ஒரேயடியாக முடித்துவிட்டார்களாம். அப்பா இறப்பதற்கு முன்பேயாம். யாரும் வந்து சொல்லவில்லை, இவர்களும் யாரும் போய்க் கேட்கவில்லை. ஒருதடவை வந்து கேட்டிருந்தால் பாஸ்போர்ட்டுக்குத் திரும்ப எழுதிப் போட்டிருக்கலாமே என்று ரைட்டர் வருத்தப்பட்டாராம்.

எனக்காக ஒரு போன் செய்ததும் வெளியே வந்த கட்டு அது. அவனுக்காக நான் ஒருநாளும் கேட்கவில்லை. ஸ்டேஷன் பக்கம் போகப் பயப்படுகிறவனைக் கிண்டல் செய்யத்தான் தெரிந்தது.

அதைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கூப்பிடுகிற பெயர் என்னுடையதுதான், என் அண்ணனுடையது இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள், கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி என்றான். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. பிறகு சொன்னான்.

"கட்டுல ஒரு தாள் இருந்துச்சுண்ணே. அஞ்சு பேரோட பேரும் எழுதின தாள். உன் கையெழுத்து அது."

என் பழைய நோட்டைப் பார்த்துப் பார்த்து வீட்டுப்பாடம் எழுதியவன் அவன். இல்லை என்று சொல்ல முடியாது. ஆமாம், என்னைத்தான் எழுதச் சொன்னார்கள் என்றேன்.

"அப்பா சொல்லித்தான் எழுதுனியா? இல்ல, நீயா எழுதுனியா?"

அவன் குரலில் கோபம் இல்லை. அவசரம் இருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. என் மனசில் இருந்ததெல்லாம் அவன் இன்னும் போடாத கையெழுத்துதான். உள்ளே ரைட்டர் காத்திருக்கிறார், ஒன்பது நாள்தான் இருக்கிறது, இவன் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டால் என் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீடு, இங்கே நான் சேர்த்து வைத்த எல்லாம் போச்சு. இதுதான் மண்டைக்குள் ஓடியது. கணக்குக் கேட்கிறான், பழியை யார் தலையில் வைக்கலாம் என்று பார்க்கிறான் என்று நினைத்தேன். அப்பா ஏற்கெனவே சுமந்துகொண்டு போன பழிதானே என்றும் நினைத்தேன்.

"அப்பாதான்டா சொன்னாரு. அவரு சொன்னாரு, நான் எழுதினேன்."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"சரிண்ணே," என்றான். "தாளப் பாத்ததும், அப்பா எம் பேரக் குடுக்கல போலருக்கு, நீயாத்தான் எழுதிட்ட போலருக்குன்னு நெனச்சேன். அந்தச் செத்த நேரம் மனசுக்கு நல்லா இருந்துச்சு. சரி, வைக்கிறேன். உள்ள கூப்புடுறாங்க."

வைத்துவிட்டான். போன் என் கையிலேயே இருந்தது. ரைட்டர் மேசைக்கு அவன் நடந்து போவதற்குள் திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிட்டால் எடுத்திருப்பான். அவன் கையெழுத்துப் போட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.